வில் சீவ ஸ்கிரேப்பர்: வாங்குவதா, நாமே செய்வதா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். மகள் வில்வித்தை பழகுகிறாள். அவளுக்காக வீட்டில் ஒரு கல்மூங்கில் வில் செய்யத் தொடங்கினேன். அரிவாளும் இழைப்புளியும் போட்டு ஓரளவு உருவம் வந்துவிட்டது. இனிமேல் ஸ்கிரேப்பர் தகட்டால்தான் சுரண்ட வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் மூன்று தகடு கொண்ட வெளிநாட்டு செட் ஒன்று பார்த்தேன். என் ஒரு வாரச் சம்பளத்தில் பாதி ஆகிறது. வாங்கலாமா? இல்லை, நம் ஊர் ஸ்டீல் தகட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: செட் வேண்டாம். அந்தப் பணத்தில் நைஸான தட்டை அரம் ஒன்றும், இரண்டு பக்கமும் பயன்படும் நல்ல சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள். தகடு பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். விலை உயர்ந்த தகடோ, துருப்பிடித்த ரம்பமோ, மரத்தைச் சீவுவது அதன் விளிம்பில் நாம் எழுப்பும் மயிரிழை போன்ற ஒரு கொக்கிதான். அதை எந்தக் கடைக்காரரும் எழுப்பித் தர மாட்டார். புதுத் தகட்டுக்கும் நாம்தான் எழுப்ப வேண்டும்.

அதற்கு முன், இந்தக் கட்டத்தில் ஸ்கிரேப்பரை ஏன் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். வில்லின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மி.மீ. தடிமனை 9 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 10 சதவீதம் மட்டும் குறையாது, கால் பங்குக்கு மேல் போய்விடும். என் முதல் வில்லை இப்படித்தான் கெடுத்தேன். ஓரிடத்தில் விறைப்பு அதிகமாகத் தெரிந்ததால் மர அரத்தால் பத்து இழுப்பு இழுத்தேன். மறுநாள் நாணேற்றியதும் சரியாக அந்த இடத்தில் மட்டும் கதவுக் கீல் போல மடங்கி உடைந்தது. ஸ்கிரேப்பர் ஒரு இழுப்பில் எடுப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கை தவறினாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கும்.

சரி, தகட்டுக்கு வருவோம். சேலம் என்றாலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. உருக்காலைத் தகடு அருமையான பொருள், ஆனால் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. அதில் எழுப்பிய கொக்கி நாலு இழுப்பில் படுத்துவிடும். ஸ்டீல் ஸ்கேலும் பெரும்பாலும் இதே கதைதான். பட்டி பார்க்கிற தகரம் இன்னும் மோசம்.

வேண்டியது கார்பன் ஸ்டீல். அதற்கு மிகச் சுலபமான வழி பழைய கைரம்பம், அதாவது தச்சர் மரம் அறுக்கிற அகல ரம்பம். அதன் தகடு கிட்டத்தட்ட 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்கும். வில்லுக்கு அது சரியான தடிமன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள், தெரிந்த தச்சர் இருந்தால் அவரிடம் தேய்ந்துபோன ரம்பத்தைக் கேளுங்கள். போகும்போது ஒரு சின்ன அரமும் ஒரு காந்தமும் சட்டைப் பையில் இருக்கட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஒட்டினால் தகட்டை லேசாக வளைத்து விடுங்கள். துள்ளி நேராக நிற்க வேண்டும். அப்புறம் ஒரு மூலையில் அரத்தை ஒரு இழுப்பு இழுங்கள். கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் அது அதிகக் கடினம், கொக்கி எழாமல் பொடிந்துவிடும். வெண்ணெய் போல இறங்கினால் அது மெத்து இரும்பு. அரம் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, ஆனாலும் கடித்து, நைஸான தூளை விட்டால் அதுதான் நமக்கான தகடு. கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது வரும் ரம்பங்களில் பற்கள் மட்டும் கருநீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்களுக்குத் தனியாகக் கடினம் ஏற்றியிருக்கிறார்கள், அரம் பிடிக்காது. பல் ஓரத்தை ஒரு விரல் அகலம் வெட்டித் தள்ளிவிட்டு நடுத்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம் போதும். வெல்டிங் பட்டறையில் கட்டிங் வீலால் வெட்டித் தருவார்கள். ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம், இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீல நிறமாக மாறினால் சுமார் 300 டிகிரி வரை சூடேறிவிட்டது என்று பொருள். நீலம் ஏறிய இடத்தில் ஸ்டீல் இளகியிருக்கும், அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பட்டறையில் நிற்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கொக்கி எழுப்புவதில் அவசரம் வேண்டாம். தகட்டை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, அதன் நீள விளிம்பை அரத்தால் சரியான செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சாணைக்கல்லில் விளிம்பையும், அதை ஒட்டிய இரண்டு முகங்களையும் அரம் போட்ட கோடுகள் மறையும்வரை தேயுங்கள். மூலை அவ்வளவு கூர்மையாக இருந்தால்தான் கொக்கி ஒழுங்காக எழும். அடுத்து, தகட்டைவிடக் கடினமான வழவழப்பான ஒரு கம்பி வேண்டும். தனியாக விற்கிறார்கள், ஆனால் தேவையில்லை. டூ வீலர் மெக்கானிக்கிடம் ஒரு பழைய பிஸ்டன் பின் கேட்டு வாங்குங்கள். மேல்தோல் கடினமாக்கி, பளபளவென்று பாலீஷ் செய்த உருளை அது. நடுவில் ஓட்டை இருக்கும், அதில் ஒரு மரக்குச்சியை இறுக்கினால் கைப்பிடி ஆகிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் தடவி, முதலில் தகட்டின் முகத்தில் படுக்கையாக நாலைந்து முறை அழுத்தி இழுங்கள். அப்புறம் விளிம்பின் மேல் நேராக இரண்டு முறை. கடைசியாக ஐந்திலிருந்து பத்து டிகிரி சாய்த்து இரண்டு மூன்று முறை. இப்போது முகத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பெருவிரலை வெளியே வழித்துப் பாருங்கள் (விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள், அறுத்துவிடும்). நகத்தில் எதுவோ தட்டும். அதுதான் கொக்கி, அதுதான் வெட்டுகிறது.

வேலை சரியா என்று மரமே சொல்லிவிடும். வெங்காயத் தோல் போல மெல்லிய சுருள் வந்தால் சரி. தூளாக வந்தால் மறுபடி கம்பி போட வேண்டும். மூங்கிலில் சிலிக்கா இருப்பதால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி கம்பி போட வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு கம்பியும் கேட்காது. மறுபடி அரம், கல் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரத்துக்கும் கல்லுக்கும் பணம் வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

மூங்கில் வில்லில் வெளித்தோல் பக்கம்தான் முதுகு, அதாவது அம்பு போகும் திசையைப் பார்க்கும் பக்கம். பலமான நார் முழுவதும் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. அதைத் தொடவே கூடாது. சுரண்டுவதெல்லாம் உள்பக்கம், வில்லின் வயிற்றில் மட்டும். விறைப்பாகத் தெரியும் இடத்தில் பென்சிலால் கிறுக்கி, கிறுக்கல் மறையும்வரை சீவுங்கள். அப்போது எல்லா இடத்திலும் ஒரே அளவு போயிருக்கும். பிறகு இருபது முப்பது முறை பாதியளவு இழுத்து விட்டு, மறுபடி பார்த்து, மறுபடி கிறுக்குங்கள். இழுத்ததை மெதுவாகக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும், அம்பில்லாமல் நாணைச் சட்டென விடவே கூடாது. கணு அருகே தகடு துள்ளி அலை அலையாக வரி விழும். தகட்டைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, கணுவுக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் அடங்கிவிடும். பெருவிரல் சுடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

கைப்பிடிப் பக்கத்தில் உள்வளைவு இருந்தால் நேர்த்தகடு இறங்காது. அதற்கு மட்டும் ரம்பத்தின் மீதித் துண்டில் ஒரு ஓரத்தை வளைவாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். ‘ஹை கார்பன் ஸ்டீல்’ என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் ஒரு ஸ்கிரேப்பர் வாங்கினேன். தூள்தான் வருகிறது, சீவல் வரவில்லை. திருப்பிக் கேட்டால், பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். என்ன செய்வது?

பதில்: இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த தகடு தூள் விடுவது குறை ஆகாது. கூர் பிடிக்காமல்தான் பெரும்பாலும் வரும். மேலே சொன்னபடி அரம், கல், கம்பி போட்டுப் பாருங்கள்.

அப்புறமும் கொக்கி நிற்கவில்லை என்றால் காந்தம் வையுங்கள். காந்தம் ஒட்டவே இல்லை என்றால், கார்பன் ஸ்டீல் என்று சொல்லி வேறு எதையோ அனுப்பியிருக்கிறார்கள். இது உண்மையான குறை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பயன்படுத்திய பொருள் என்ற பதில் இங்கே செல்லாது, பயன்படுத்தாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாதே! விற்பனைப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரியை அவர்கள் அழித்துவிடலாம். பில், பெட்டி, காந்தம் வைத்துப் பார்க்கும் சின்ன வீடியோ ஆகியவற்றோடு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் துண்டுகள் நிறைய கிடக்கின்றன. அவற்றில் வில் செய்யலாமா? தகடு இல்லாமல் உடைந்த கண்ணாடியால் சுரண்டலாம் என்கிறார் பெரியப்பா. அது சரிதானா?

பதில்: சில்வர் ஓக் நிழலுக்கும் பலகைக்கும் நல்ல மரம், வில்லுக்கு வேண்டாம். பெருங்காற்றில் அதன் கிளைகள் முறிந்து விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தோட்டத்து வேலியில் மூங்கில் இருந்தால் அதை எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் ஒரு குச்சிகூட வெட்டாதீர்கள்.

பெரியப்பா சொன்னது சரிதான். புதிதாக உடைந்த ஜன்னல் கண்ணாடியின் விளிம்பு அருமையாகச் சீவும், பழைய தச்சர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். கைப்பிடியின் வளைவுக்கு ஏற்ற துண்டும் அதில் கிடைக்கும். ஆனால் அழுத்தினால் கையிலேயே உடையும், அதன் பொடியும் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். தடித்த தோல் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் வேண்டாம், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்க வருகிறவர் கை பத்திரம்.