பெரிய கடை ஆஃபர் போடும்போது மளிகைக் கடைக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: பொங்கல் நெருங்கினால் எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் '10% தள்ளுபடி' பேனர் கட்டிவிடுகிறார்கள். நானும் எல்லாப் பொருளுக்கும் குறைத்தால்தான் ஆட்கள் வருவார்களா?

பதில்: அப்படிக் குறைக்காதீர்கள். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் 10% குறைத்தால் லாபம் 20 ரூபாயிலிருந்து 10 ஆகிவிடும். பழைய லாபத்தைப் பார்க்கவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். 15% குறைத்தால் நான்கு மடங்கு. சர்க்கரை, எண்ணெய் மாதிரியானவற்றில் லாபமே குறைவு, கைக்காசுதான் போகும்.

பெரிய கடைக்காரர்கள் பெரும்பாலும் அடிமட்ட விலைக்குக் கொடுப்பது சர்க்கரை, எண்ணெய், துவரம் பருப்பு என்று எல்லோருக்கும் விலை மனப்பாடமான இரண்டு மூன்று பொருள்களைத்தான். அதற்காக வருகிறவர் முந்திரி, ஏலக்காய், ஊதுபத்தியையும் சேர்த்து எடுத்துப் போகிறார். லாபம் அதில் வருகிறது. நீங்களும் ஒரே ஒரு பொருளை மட்டும் வாங்கிய விலைக்குக் கொடுங்கள். '500 ரூபாய் பில்லுக்கு 1 கிலோ' என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் டீக்கடைக்காரர் ஒருவரே மொத்தத்தையும் அள்ளிப் போய்விடுவார்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட் போலப் பொங்கல் சாமான்களைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் பொங்கல் செட் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் அரிசியும் சர்க்கரையும் அதில் வேண்டாம். அண்மை ஆண்டுகளில் ரேஷன் கடைப் பரிசுத் தொகுப்பிலேயே 1 கிலோ பச்சரிசி, 1 கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கிடைத்துவிடுகின்றன. வீட்டில் குறைவது மற்றவைதான்: வெல்லம் 1 கிலோ, பாசிப்பருப்பு 250 கிராம், நெய் 100 மில்லி, முந்திரி 50 கிராம், திராட்சை 25 கிராம், ஏலக்காய் 5 கிராம். அரை கிலோ அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைக்க இது போதும். தனித்தனியாக 270 ரூபாய் ஆகிறதென்றால் செட்டுக்கு 255 வையுங்கள். குறைக்கும் 15 ரூபாயை முந்திரி, ஏலக்காய் லாபத்தில் கழியுங்கள். வெல்லத்தில் கைவைக்க வேண்டாம்.

முன்கூட்டியே ஐம்பது செட், நூறு செட் என்று கட்டி அடுக்குவதில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசியும், முந்திரி நமத்துப்போகும். தவிர, முன்பே எடை போட்டுக் கட்டிய பொட்டலத்தில் எடை, எம்.ஆர்.பி., பேக் செய்த தேதி, உங்கள் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வில் அபராதம் விழும். ஆகவே மேஜைமேல் ஒரு செட்டைத் தட்டில் பரப்பி, விலையைப் பெரிதாக எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் ஆர்டர் சொன்னதும் அவர் எதிரிலேயே நிறுத்துக் கட்டுங்கள். விற்காதது டப்பாவுக்கே திரும்பிவிடும்.

தேதியும் முக்கியம். சம்பளக்காரர்கள் 1 முதல் 5ஆம் தேதிக்குள் மாதச் சாமான் வாங்கிவிடுவார்கள். சூப்பர் மார்க்கெட் பேனர் டிசம்பர் கடைசியிலேயே ஏறுவது அதனால்தான். உங்கள் பலகை ஜனவரி 10ஆம் தேதி ஏறினால் கையில் காசு தீர்ந்த பிறகு கூப்பிடுவதாகிவிடும். நோட்டுக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளுக்கு டிசம்பர் பில்லோடேயே செட் விவரச் சீட்டைக் கொடுத்து ஆர்டர் பிடியுங்கள்.

கேள்வி: பண்டிகை ஸ்கீம் என்று ஏஜென்சிக்காரர் '12 வாங்கினால் 1 இலவசம்' என்கிறார். நிறைய எடுக்கலாமா?

பதில்: 13 பீஸில் 1 இலவசம் என்றால் சுமார் 7.7% லாபம். மாதம் 2% வட்டிப் பணத்தில் வாங்கி 3 மாதம் தேங்கினால் அதில் 6% வட்டிக்கே போய்விடும். போன ஜனவரியில் எத்தனை விற்றது என்று பில்லைப் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் எடுங்கள். காலாவதியானால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.