ஒரே படிகத்துக்குள் பல அடுக்குகள்: டங்ஸ்டன் தாது கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகர்: ஐயா, வுல்ஃப்ரமைட், ஃபெர்பெரைட் என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்களே, இரண்டும் ஒன்றா?

வுல்ஃப்ரமைட் என்பது டங்ஸ்டன் தாது ஒன்றின் குடும்பப் பெயர். அதில் இரும்பு மிகுந்தால் ஃபெர்பெரைட், மாங்கனீஸ் மிகுந்தால் ஹூப்னரைட். மெல்லிய சில்லு ஒன்றை விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள்: ஹூப்னரைட்டின் ஓரத்தில் செந்நிறம் கசியும், ஃபெர்பெரைட் கறுப்பாகவே நிற்கும்.

பிடோக் வாசகர்: மாங்கனீஸ் கூடினால் டங்ஸ்டன் குறையுமா?

குறையாது. தூய ஃபெர்பெரைட்டில் டங்ஸ்டன் ஆக்சைடு 76.3 விழுக்காடு, ஹூப்னரைட்டில் 76.6.

கல்லூரி மாணவி, ஜூரோங்: ஒரே குவார்ட்ஸ் நரம்பில் (பாறை வெடிப்பை நிரப்பிய படிகப் பட்டையில்) ஓரடி தள்ளி எடுத்த இந்தத் தாதுவின் இரண்டு கற்களில் இரும்பு, மாங்கனீஸ் விகிதம் வேறாக வருகிறது. நான் அளந்தது தவறா?

தவறில்லை, அம்மா. அந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் தேட வேண்டும். பாறை வெடிப்பில் சூடான நீர் ஒரே மூச்சில் பாய்ந்து ஓய்வதில்லை. விட்டு விட்டு வரும். டங்ஸ்டன் பெரும்பாலும் கிரானைட்டிலிருந்து வருகிறது. இரும்போ பல இடங்களில் பக்கத்துப் பாறையிலிருந்தும் கரைந்து சேர்கிறது. ஆகவே படிகத்தின் நடுவில் ஒரு விகிதம், விளிம்பில் வேறொரு விகிதம். முழுக் கல்லையும் இடித்துப் பொடியாக்கினால் சராசரி ஒன்றுதான் மிஞ்சும், அடுக்குகள் அழிந்துவிடும். தயவுசெய்து இடிக்காதீர்கள். வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணாய்வியில் (நுண்ணிய புள்ளியில் என்ன தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவி) நடுவிலிருந்து விளிம்பு வரை புள்ளி புள்ளியாக அளந்து செல்லுங்கள். மாங்கனீஸின் அணு எண் 25, இரும்பினுடையது 26. சாதாரண எலக்ட்ரான் படத்தில் அணு எண் வேறுபட்டால்தான் வெளிச்சம் வேறுபடும்; அதனால் இவற்றின் அடுக்குகள் மங்கலாகவே தெரியும். நயோபியம், டான்டலம் என்ற தனிமங்கள் சேர்ந்த அடுக்குகள்தான் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

தெம்பனிஸ் ஆசிரியர்: மாங்கனீஸ் மிகுந்தால் அதிக வெப்பத்தில் உருவானது என்று பழைய பாடத்தில் படித்தேனே?

அந்த விகிதத்தை வெப்பமானியாகக் கொள்ள முடியாது. நீரில் எது எவ்வளவு கரைந்திருந்தது என்பதும் விகிதத்தை மாற்றும்.

தேக்கா வாசகர்: அண்ணா, ஈப்போவில் வாங்கிய ஷீலைட் கல் புற ஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிர்கிறது. போலியா?

நிறத்தை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஷீலைட் இன்னொரு டங்ஸ்டன் தாது. குறு அலை புற ஊதா விளக்கில் தூய ஷீலைட் நீலமாக ஒளிரும்; மாலிப்டினம் கலக்கக் கலக்க வெண்மையாகி மஞ்சளாகும். கண்ணாடி அணிந்து பாருங்கள். அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது.

ஜூரோங் மாணவி மீண்டும்: விகிதம் வெப்பமானி இல்லை என்றால், வுல்ஃப்ரமைட் உருவான வெப்பத்தை எப்படி அறிவது?

படிகம் வளர்ந்தபோது அதற்குள் சிக்கிய நீர்த்துளிகளிலிருந்து. பக்கத்துக் குவார்ட்ஸில் உள்ள துளிகளை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் குவார்ட்ஸ் வேறு வேளையில் வளர்ந்ததாக இருக்கலாம். சாதாரண ஒளி புகாத வுல்ஃப்ரமைட்டில் அகச்சிவப்பு ஒளி பெரும்பாலும் புகும். அந்த நுண்ணோக்கி வசதி கிடைக்குமா என்று முதலில் உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். அதுவரை கல்லை வெட்டாமல் வைத்திருங்கள்.