ஹைட்ரோஃபாயிலை முழுசாக கார்கோவில் அனுப்பாதீர்கள், முதலில் பிரியுங்கள்

சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஜூலையில் கைட்சர்ஃபிங்குக்காக (கைட் என்கிற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) இலங்கையில் கற்பிட்டிக்குப் போகிறார். ஒரு தரகர் மூலம் பழைய ஹைட்ரோஃபாயில் போர்டு ஒன்று, அதாவது அடியில் தண்ணீருக்குள் இறக்கை வைத்த பலகை, வாங்கியிருக்கிறார். பலகையிலிருந்து கீழே இறங்கும் தண்டு (மாஸ்ட்), அதன் அடியில் இறக்கையைத் தாங்கும் தண்டு (ஃபியூசலாஜ்) இரண்டும் அலுமினியம், இறக்கை (விங்) கார்பன். இப்போது பேக் பண்ணலாம் என்று உட்கார்ந்தால் ஸ்க்ரூ ஒன்றுகூட அசையவில்லை. "பிரிக்கவே வேண்டாம் சார், அப்படியே மரப்பெட்டி அடித்து ஏர் கார்கோவில் போட்டுவிடலாம், கொழும்பில் நம்ம ஆள் எடுத்துக் கொடுப்பார்" என்கிறார் ஒரு ஏஜென்ட். செய்யலாமா, போய் வந்தபிறகு எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி.

செய்யாதீர்கள். பிரித்து, உங்கள் விமான லக்கேஜாகவே கொண்டு போங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த ஸ்க்ரூவைப் பார்ப்போம், ஏனென்றால் அது கழன்றால்தான் மற்றதெல்லாம்.

ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது ஏறியிருக்கிற இடம் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருந்தால் இடையில் மின்னோட்டம் உண்டாகி, பலவீனமான உலோகம் கரைய ஆரம்பிக்கும். இங்கே கரைவது அலுமினியம். மரைக்குள் வெள்ளையாகப் பூத்துப் போய், அந்தப் பூப்பு உப்பிக்கொண்டு ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கிறது. பக்கத்தில் கார்பன் இருந்தால் இன்னும் மோசம், கார்பனும் அலுமினியத்தைத் தின்னும். ஆக இது துரு பிடித்த ஸ்க்ரூ இல்லை, பூத்துப் போன மரை. அதனால்தான் பலத்தைக் காட்டினால் ஸ்க்ரூவின் தலை தேய்கிறதே தவிர உள்ளே ஒன்றும் நகர்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்க்ரூ தலைக் குழிக்குள் மணல் அடைத்திருக்கும், ஊசியால் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். நல்ல தண்ணீரை மிதமாகச் சூடாக்கி, ஸ்க்ரூ இருக்கும் அந்த மூட்டுப் பகுதியை அதில் ஊற வையுங்கள், உப்பு கொஞ்சம் கரையும். துடைத்துக் காயவிட்டு, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் சரியான அளவு டார்க்ஸ் கீயை (நட்சத்திர முனை வைத்த திருகுசாவி) முழுசாக உள்ளே இறக்கி, கீயின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பிவிட்டு அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். அசையவில்லையா, சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலையில் மட்டும் சில நிமிடம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு முயலுங்கள். கேஸ் டார்ச், ஹீட் கன் எதையும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்ஸி பிசின் அந்தச் சூட்டில் இளகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரில் போகும்போது தெரியும்.

தலை தேய்ந்து வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள், ஸ்க்ரூவைத் துளைத்து எடுத்துக் கொடுப்பார்கள். வேறு மரை போட வேண்டி வந்தாலும் புது ஃபியூசலாஜ் வாங்குவதைவிடச் செலவு குறைவு.

உங்களுக்கு இதை விற்றவர் "அப்படியே மாட்டி வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போய் ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பழைய ஃபாயில் விற்கிற தரகர்கள் பலபேர் இதைத்தான் சொல்கிறார்கள். கழற்ற முடியாததை விற்பதற்கு அதுதான் வழி. யாராக இருந்தாலும் சரி, காசு கொடுப்பதற்கு முன்னால் எல்லா ஸ்க்ரூவையும் உங்கள் கண் முன்னால் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். பெயிண்ட் கீறல், ஸ்டிக்கர் உரிந்தது, பேட் கிழிந்தது எல்லாம் சின்ன விஷயம். புதுசு மாதிரி பளபளக்கிற போர்டின் அடியில் பூத்துப் போன மாஸ்டைத்தான் ஜனங்கள் ஏமாந்து வாங்கி வருகிறார்கள்.

இப்போது கார்கோ. ஏஜென்ட் சொல்லாமல் விடும் விஷயம், விமானச் சரக்கில் எடையைவிட இடத்துக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள், அது நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் பில். 140-க்கு 60-க்கு 30 பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு 42 கிலோ வரும், உள்ளே இருப்பது 18 கிலோவாக இருந்தாலும். கூரியர் என்றால் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், அப்போது 50 கிலோவைத் தாண்டுகிறது. மாஸ்டைக் கழற்றாமல் பெட்டி அடித்தால் உயரம் 30 எங்கே நிற்கும், மாஸ்ட் மட்டுமே 75 சென்டிமீட்டர் இருக்குமே! "பிரிக்கவே வேண்டாம்" என்ற வார்த்தையில் உங்கள் பில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

பணத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கார்கோவில் போனால் அது உங்கள் பயணப் பை இல்லை, சரக்கு. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் நீங்கள் இறங்கி வெளியே வந்துவிடுவீர்கள், பெட்டி சரக்குக் கிடங்கில் கிடக்கும். அதற்குத் தனியாகச் சுங்க ஆவணம், தனியாகக் கிளியரன்ஸ், நாள் கடந்தால் கிடங்கு வாடகை, நடுவில் சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறை. "நம்ம ஆள்" ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொகை சொல்லுவார், உங்களால் சரிபார்க்க முடியாது. கற்பிட்டியில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பிடித்து வீசும், நீங்கள் லீவு போட்டுப் போவதே அதற்காகத்தான், அந்தக் காற்றில் பாதியை ஒரு ரசீதுக்காகக் காத்திருந்து கழிக்க வேண்டுமா? திரும்பி வரும்போது இதே கூத்து சென்னையிலும் உண்டு.

லக்கேஜாகக் கொண்டு போவதில் சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். விமான நிறுவனங்களின் விளையாட்டுச் சாமான் பட்டியலில் கோல்ஃப் இருக்கும், சைக்கிள் இருக்கும், சர்ஃப்போர்டு இருக்கும், கைட் ஃபாயில் பெரும்பாலும் இருக்காது. கவுன்டரில் இருப்பவர் அன்றைக்கு என்ன நினைக்கிறாரோ அதுதான் விதி என்று ஆகிவிடுகிறது. போகும்போது ஒரு கட்டணம், வரும்போது அதே பைக்கு வேறு கட்டணம். ஒரு வரி எழுதி வைக்க இவர்களுக்கு ஏன் இத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆகவே டிக்கெட் போடும்போதே நீளம், எடை இரண்டையும் சொல்லி, அனுமதியை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் சொன்னது கவுன்டரில் செல்லாது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகிற சின்ன ஏடிஆர் விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் சாமான் அறை சின்னது, நீளப் பையைக் கீழே விட்டுவிட்டுக் கிளம்ப வாய்ப்பு அதிகம். கொழும்புக்குப் பெரிய விமானத்தில் போய், அங்கிருந்து வேனில் போங்கள். போர்டு வேனுக்குள் இருக்கட்டும், கூரை மேல் வெயிலில் வேண்டாம்.

இரண்டு பையாகப் பிரியுங்கள். மாஸ்ட், ஃபியூசலாஜ், விங் எல்லாம் சாதாரண சூட்கேஸில் கோணலாக வைத்தால் அடங்கும். பொதுவாக மூன்று அளவும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது சாதாரணப் பைதான், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நீளப் பையில் போர்டும் கைட்டும் மட்டும். எந்தப் பையும் 23 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள், 32-க்கு மேல் காசு கொடுத்தாலும் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். விங்கின் பின் விளிம்பு கத்தி மாதிரி மெலிசு, முதலில் உடைவது அதுதான். ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு நுரைக் குழாயை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, நீளவாக்கில் கீறி விளிம்பில் சொருகி டேப் ஒட்டுங்கள், விலை உயர்ந்த கவரைவிட நன்றாகக் காக்கும். டார்க்ஸ் கீ, ஸ்க்ரூ எல்லாம் செக்-இன் பையில். ஸ்க்ரூ ஒரு செட் கூடுதலாக மற்ற பையிலும் இருக்கட்டும், ஒரு பை தாமதமானால் அங்கே அந்த அளவு ஸ்க்ரூ கிடைக்காது. எண்ணெய் ஸ்ப்ரே டப்பா எதிலும் வேண்டாம், பறிமுதல் ஆகும். கைட்டுக்கு லித்தியம் பேட்டரி பம்ப் வைத்திருந்தால் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் கொண்டு போங்கள்.

சென்னையில் பையை ஒப்படைப்பதற்கு முன்னால் சுங்கக் கவுன்டரில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது இது வெளிநாட்டில் வாங்கியதா என்று கேட்டால் அதுதான் பதில். பொருளை நேரில் காட்ட வேண்டும், அதனால் பை உள்ளே போனபிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கவுன்டரில் ஆள் இல்லாமல் தேட வேண்டி வரலாம், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முன்னாடியே போங்கள்.

அடுத்தது போர்டில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகு, வென்ட் ஸ்க்ரூ. இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உங்கள் போர்டுக்குள் இருப்பது தெர்மோகோல் போன்ற நுரை, அதற்குள் காற்று. விமானம் மேலே போகும்போது சாமான் அறையிலும் காற்றழுத்தம் குறையும், சுமார் 2000 மீட்டர் உயர மலையில் இருப்பது போல. உள்ளே இருக்கும் காற்று வெளியே வரப் பார்க்கும், வழி இல்லை என்றால் மேல் தோலை நுரையிலிருந்து பிய்த்து உப்ப வைக்கும். கையால் திருகும் வென்ட் இருந்தால் விமானத்துக்கு முன்னால் அதைத் திறந்து விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டாலும் திறந்து விடுங்கள். ஆனால் கோர்-டெக்ஸ் சவ்வு வைத்த தானியங்கி வென்ட் என்றால் அதைத் தொடவே கூடாது. அது தானே காற்றை விடும், தண்ணீரை விடாது, அதைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு. எது உங்களுடையது என்று தெரியவில்லையா, பிராண்டின் கையேட்டைப் பாருங்கள், விற்றவரைக் கேட்காதீர்கள். மரத்தாலான மெலிந்த போர்டில் வென்ட்டே இருக்காது, தேடவும் வேண்டாம். கையால் திருகும் வகையைத் திறந்தவர்கள் மறுபடி மூடாமல் தண்ணீரில் இறங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் சேதம். நுரை தண்ணீரைக் குடித்தால் போர்டு கனத்துவிடும், முழுசாகக் காயவே காயாது. திறந்த உடனே போர்டின் கைப்பிடியில் சிவப்பு டேப் ஒட்டுங்கள், மூடினபிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும். மூடும்போது ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அங்கே போய் மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூ மரையிலும் டெஃப்-ஜெல் மாதிரி கடலுக்கான ஆன்டி-சீஸ் பசை (ஸ்க்ரூ இறுகிப் பிடிக்காமல் காப்பது) தடவுங்கள். மெக்கானிக் கடையில் கிடைக்கும் செம்பு கலந்த பசை வேண்டாம், செம்பும் அலுமினியத்தைத் தின்னும். டபிள்யூடி-40 இந்த வேலைக்கு இல்லை, கழுவிக்கொண்டு போய்விடும். கையால் இறுக்கினால் போதும், டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்னும் இறுக்கம் சரிபாருங்கள். கற்பிட்டியை ஒட்டிய புத்தளம் களப்பு (காயல்) பல இடங்களில் ஆழம் குறைவு, தண்ணீருக்குள் புல்லும் உண்டு. புது ஆள் நீள மாஸ்டோடு போனால் தரையில் இடிக்கும், அங்கே எந்தப் பக்கம் ஆழம் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், கிடைத்தால் முதல் சில நாளுக்கு 60 சென்டிமீட்டர் மாஸ்ட் வாங்கிப் போடுங்கள்.

மாலையில் கரைக்கு வந்ததும் பிரியுங்கள். தினமும். அலுப்பாக இருக்கும், தெரியும், ஆனால் அலுமினிய ஃபாயிலுக்கு வேறு வழி இல்லை. நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. அலுமினிய மாஸ்ட் உள்ளே பொள்ளல், அதில் கடல்நீர் தங்கும், செங்குத்தாக நிறுத்தி வடிய விடுங்கள். ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் மத்தியானத்தோடு நிறுத்தி எல்லாவற்றையும் காய வையுங்கள். ஈரத்தோடு பையில் மூடினால் இரண்டு நாளில் மறுபடி வெள்ளை பூக்கும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து, மரைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்க்ரூக்களைத் தனி டப்பாவில் போட்டு, ஃபாயிலை மாட்டாமலே வையுங்கள்.

இப்போதைக்கு அந்த மூட்டுக்கு எண்ணெய் விடுகிற வேலையை இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள். லேத் பட்டறைக்குப் போகவேண்டி வந்தாலும் ஜூலைக்குள் புது மரையோடு ஃபாயில் கைக்கு வந்துவிடும்.