செருப்பு ரப்பர் வேண்டாம், தோல் வையுங்க

எக்ஸர்சைஸ் சைக்கிளை மிதிக்கேக்க கருகின மணம் வருது எண்டு கேட்டிருந்தீங்க. பிரேக்கில ஒட்டின அந்த ரப்பரைக் கழற்றுங்க. பழைய இரும்புக் கடையில எடுத்த எக்ஸர்சைஸ் சைக்கிளுக்கு, தேஞ்ச பிரேக் கட்டைக்குப் பதிலா செருப்பு ரப்பர் ஒட்டினதாலதான் கருகின மணம் வருது. ரப்பர் சில்லை வழுக்க விடாமல் கவ்வும், சூடேறி இளகும். தடிப்பான தோல்தான் சரி. சப்பாத்துத் தைக்கிறவரிட்ட வெட்டுத்துண்டு கேளுங்க. சொரசொரப்பான பக்கம் சில்லில படட்டும்.

ஒட்டமுதல், நிக்கிற சில்லின் விளிம்பை விரலால தடவிப் பாருங்க. கடற்கரையோரம் இருக்கிற கல்லடி ஊர்ப் பக்கம் உப்புக் காத்துக்கு இரும்பு லேசில துருப்பிடிக்கும். துரு தட்டுப்பட்டா சாண்ட்பேப்பர் போடுங்க, இல்லாட்டித் தோலும் கெதியில தேஞ்சிடும்.

சில்லு பெடலோட சேர்ந்தே சுத்துற வகையெண்டா கவனம். மெதுவா மிதிச்சு, பிரேக் குமிழை அமத்தினா உடனே நிக்குதா எண்டு பாருங்க. நிக்காட்டிப் பிள்ளைகளை ஏற விடாதீங்க.