குளிரில் கிழங்குத் துவக்கு சுடலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வெலிமடைப் பக்கம். பீவீசி பைப்பில் உருளைக்கிழங்குத் துவக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார். உள்ளே வாசனை ஸ்ப்ரே அடித்து, பொறி தட்டினால் கிழங்கு பறக்கும். பகலில் நன்றாகச் சுடுகிறதாம், பனி விழும் காலையில் பற்றவே மறுக்கிறதாம். "குளிரில் வேகம் குறைவென்றால் ஆபத்தும் குறைவுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி, ஆபத்து கூடத்தான் செய்யும். நான் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருபது வருஷமாகப் பைப் வேலை செய்கிறவன். அந்தப் பைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரி, பெப்ரவரியில் புல் வெள்ளையாகக் கிடக்கும் காலையில் பைப் அறுத்துப் பாருங்கள். மத்தியானம் வழுக்கிக்கொண்டு போகிற வாள், அப்போது கறகறவென்று இழுக்கும். முடிகிற இடத்தில் பைப் தானாகவே 'டக்'கென்று உடைந்து, ஓரத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு துண்டு தெறிக்கும். கூரையிலிருந்து கைதவறி ஒரு நீளப் பைப் விழுந்தால், வெயில் நேரத்தில் துள்ளிவிட்டுக் கிடக்கும். பனிக்காலையில் நுனி பிளந்துவிடும். பைப் அதேதான், சூடுதான் வேறு.

இதில் ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம். மெதுவாக ஏறுகிற அழுத்தத்தைக் குளிர்ந்த பைப் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். அதற்குத் தாங்க முடியாதது திடீர் அடி. துவக்குக்குள் நடப்பது திடீர் அடிதான். அதிலும் வெளியே ஒரு கீறல், ஆணி உரசிய தடம், வெயிலில் கிடந்து நிறம் மங்கிய பழைய பைப் என்றால் பிளவு அங்கேதான் தொடங்கும். மலையில் குளிர் இருக்கிறதே தவிர வெயிலின் கடுமைக்குக் குறைவில்லை. வெளியில் கிடந்த பைப்பின் மேல்தோலை அது கெடுத்துவிடுகிறது.

பைப்பில் அச்சடித்திருக்கும் அழுத்தக் கணக்கை நம்பாதீர்கள். அது தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் சுருங்காது, அதனால் பைப் வெடித்தாலும் ஒரு பீய்ச்சலோடு அடங்கிவிடும். காற்றும் வாயுவும் அமுங்கிய ஸ்பிரிங் மாதிரி. பைப் உடைந்த பிறகும் விரிந்துகொண்டே போய்த் துண்டுகளைத் தள்ளிவிடும். நிலத்துக்கு மேலே காற்று, வாயு கொண்டுபோக பீவீசி பைப் வேண்டாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1988இலேயே எச்சரித்திருக்கிறது. அதனால் ஸ்ப்ரே வேண்டாம், பம்ப் போட்டுக் காற்றடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

சரி, ஏன் பற்றுவதில்லை? ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன் மாதிரி வாயுவும் மதுசாரமும். பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியம் பாகைக்கு ஒட்டித்தான். 3 பாகைக் குளிரில் டின்னுக்குள் அழுத்தம் நன்றாக இறங்கிப்போயிருக்கும். மதுசாரம் சுமார் 13 பாகைக்குக் கீழே பற்றுகிற அளவுக்கு ஆவியாகாது, பைப்பின் உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். முதல் பொறிக்கு ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். அதற்கும் இல்லை. அப்புறம் ஒருவர் பைப்பின் வாயைக் குனிந்து பார்ப்பார், இன்னொருவர் பைப்பை வெயிலில் வைப்பார், இல்லையென்றால் அடுப்படிக்கே கொண்டுபோவார். ஒட்டியிருந்ததெல்லாம் அப்போதுதான் ஆவியாகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அடித்தவருக்கே தெரியாது. என்னைக் கேட்டால் பைப் உடைவதைவிட இந்த நேரம்தான் பயங்கரம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் வெடிப்பும் மெதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். கணக்கு சரிதான். ஆனால் 30 பாகையிலிருந்து 3 பாகைக்கு இறங்கும்போது காற்று பத்தில் ஒரு பங்கு அடர்த்தியாகி, குறைந்ததில் பாதிக்குக் கிட்ட திரும்ப வந்துவிடுகிறது. மிச்சமிருக்கிற சலுகை நொறுங்குகிற பைப்புக்குப் போதாது.

இன்னொன்று, ஒட்டுகிற கம். குளிரில் அது காய இரண்டு மடங்கு நேரமும் எடுக்கும், அதற்கு மேலும் எடுக்கும். ஈரமான காற்றென்றால் அதற்கு மேல் இன்னும் பாதி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இரண்டுமே இருக்கிறது. தண்ணீர் லைனுக்கே நான் ஒரு இரவு முழுக்க விடுவேன்.

என் அண்ணன் மகன் இதையெல்லாம் கேட்கவில்லை. மரக்கறித் தோட்டத்தில் இரவில் பன்றி வந்து கிழங்கைக் கிண்டுகிறது, சத்தத்துக்கு ஓடும் என்று ஒன்று செய்தான். தை மாதத்துக் காலை, லீக்ஸ் இலையெல்லாம் பனி. இரண்டு தடவை பற்றவில்லை. மூன்றாவதில் கிழங்கு வெளியே வரவில்லை, பின்பக்கம்தான் போனது. ஒரு துண்டு போஞ்சிக் கம்பில் ஏறி நின்றது, ஒன்று அவன் புருவத்தைக் கிழித்தது. ஏழு தையல். விரல் அகலம் கீழே இறங்கியிருந்தால் கண். அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பேச்சே வரவில்லை.

தம்பி, உங்களுடையதில் இப்போது ஸ்ப்ரே அடித்து, பற்றாமல் இருந்தால் பொறி தட்டாதீர்கள், முன்னால் நிற்காதீர்கள், சூடுகாட்டாதீர்கள். மூடியைத் திறக்க முடிந்தால் பக்கவாட்டில் நின்று திறந்து, அடுப்பு, சிகரெட் எதுவும் இல்லாத வெளியில் பாதி நாள் காற்றாட விடுங்கள். அதன் பிறகு அறுத்துவிடுங்கள். வெயில் நாளில் சுடலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். சூட்டில் இந்தப் பைப் வேறு விதமாகப் பலமிழக்கும்.

அண்ணன் மகனின் துவக்கில் மிஞ்சியதை நான்தான் அறுத்தேன். ஒட்டி மூன்று நாள் ஆகிறது என்று சொல்லியிருந்தான். ஒட்டிய இணைப்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே கம் இன்னும் விரலில் ஒட்டியது, வாசம்கூடப் போயிருக்கவில்லை.