கெயின் குமிழைப் பாதியில் நிறுத்தி வாசித்துப் பாருங்கள்

கேள்வி: ஹம்பக்கர் பிக்கப் (இரட்டைச் சுருள் ஒலிவாங்கி) உள்ள கிட்டாரில் டிராப் சி சுருதி (ஆறாவது தந்தியை சி வரை இறக்கிய தாழ்ந்த சுருதி) வைத்து வாசிக்கிறேன். இன்றைய ராக் இசைக்குத் தகுந்த ஹை-கெயின் ஆம்ப் (கிட்டார் சிக்னலை மிகவும் பெருக்கிக் கரகரப்பாக்கும் கருவி) ஒன்று வாங்க வேண்டும். மெதுவாக மீட்டினால் மெதுவாகவும், ஓங்கி அடித்தால் அடி விழுந்த மாதிரியும் கேட்க வேண்டும். ஆனால் நான் வாசித்துப் பார்த்தவை எல்லாம் எப்படி மீட்டினாலும் ஒரே சத்தத்தைத்தான் தருகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த ஒரே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டியூப் ஆம்பில் (வெற்றிடக் குழாய்களால் இயங்குவது) கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னல், 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய டியூப்களில் ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று வரிசையாகப் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் எழும் அலையின் தலை வெட்டப்படும். நாம் ஆசைப்படும் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு அந்த வெட்டுதான். கெயினை, அதாவது இந்தப் பெருக்கத்தின் அளவை, முழுக்க ஏற்றிவிட்டால் மெதுவான மீட்டலே கூரையில் முட்டிவிடுகிறது. ஓங்கி அடித்தாலும் அதே கூரைதான், அதற்கு மேல் போக இடமில்லை. உங்கள் கையின் வித்தியாசம் அங்கேயே நசுங்கிப்போகிறது.

அதனால் ஒரு ஆம்பில் எவ்வளவு கெயின் இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. இன்றைக்கு எல்லா ஹை-கெயின் ஆம்பிலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கெயினைக் குறைத்த பிறகும் அந்த ஆம்பின் ஒலி கனமாக, கோபமாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

சோதிக்கும் முறை சுலபம். உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கெயினைப் பாதியில் வையுங்கள். வழக்கமாக வாசிக்கும் ஒரு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) பத்து நிமிடமாவது வாசியுங்கள், ஏனென்றால் காது முதலில் ஏமாறும். பிறகு கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 4-க்கு இறக்கி, ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விரல் நுனியால் தடவுகிற மாதிரி மீட்டுங்கள். நல்ல ஆம்பில் கரகரப்பு விலகி, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். மட்டமான ஆம்பில் அதே கரகரப்பு போர்வை போர்த்தியது போலச் சன்னமாகும், அவ்வளவுதான். அடுத்து வால்யூமை முழுக்க ஏற்றி, ஆறாவது தந்தியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து ஒரே ஒரு பாம் மியூட். அடித்ததும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ‘திம்’ என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். ‘தொம்ம்’ என்று இழுத்தால் வேகமான ரிஃபில் எல்லாம் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டிராப் சி வாசிக்கும் உங்களுக்கு இந்த இரண்டாவது சோதனை இன்னும் முக்கியம். சாதாரண சுருதியில் ஆறாவது தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ். உங்களுக்கு அது 65 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலி டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் சேறாகிவிடும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறைத்து, வெட்டு முடிந்த பிறகு கூட்டுவதுதான் வழி. நல்ல ஹை-கெயின் ஆம்ப்கள் உள்ளுக்குள்ளேயே இதைச் செய்கின்றன. பல ஆம்ப்களின் முகப்பில் ரெசனன்ஸ் அல்லது டெப்த் என்று ஒரு குமிழ் இருக்கும். அது கடைசியில், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் பகுதியில் பேஸைக் கூட்டுவது. அதனால் ரிஃப் கலங்காமல் நெஞ்சில் இடிக்கும். வெளியிலிருந்து செய்ய டியூப் ஸ்க்ரீமர் வகைப் பச்சைப் பெடல் (காலால் இயக்கும் சிறு பெட்டி) ஒன்று போதும். அதன் டிரைவை (கரகரப்பின் அளவு) சுழியில், லெவலை (வெளியே வரும் சத்தத்தின் அளவு) ஏறக்குறைய முழுதாக வைத்து ஆம்புக்கு முன்னால் போட்டால், பேஸை நறுக்கி நடு ஒலியைத் தூக்கிக்கொடுக்கும். புதிய ஆம்ப் வாங்கும் முன் இருக்கிற ஆம்பில் இந்தப் பெடலை ஒரு முறை மாட்டிப் பாருங்கள். ஒருவேளை வாங்கவே வேண்டியிருக்காது.

இனி ஆம்ப்கள். இந்த இசையின் ஒலியைத் தீர்மானித்தவை மிகச் சிலதான். மார்ஷலின் ஜேசிஎம்800 2203 ஒரே சேனல் (தனி ஒலி வழி) கொண்டது. கெயின் இன்றைய அளவுக்குக் குறைவு, ஆனால் கிட்டார் வால்யூமுக்கும் கைக்கும் அது பதில் சொல்கிற அழகு வேறு. முன்னால் அந்தப் பச்சைப் பெடல் இருந்தால் இன்றைக்கும் போதும். 1987-இல் வந்த சொல்டானோ எஸ்எல்ஓ-100, அடுத்தடுத்த கட்டங்களில் கெயின் ஏற்றும் வழிக்கு முன்மாதிரி ஆனது. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த 5150, அவர் பிரிந்த பிறகு 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. இறுக்கமான ரிஃபுக்கு அதை நம்பலாம். மென்மையான ஒலிக்கு அதனிடம் போகாதீர்கள். மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபையரில் மின்சாரத்தை டியூப் வழியாகவும் எடுக்கலாம், சிலிக்கான் டயோடு வழியாகவும் எடுக்கலாம். டியூபில் வைத்தால் ஓங்கி அடிக்கும்போது ஒரு நொடி அமுங்கி எழும், கைக்கு இதமாக இருக்கும். டயோடில் அடி சட்டென்று விழும். டிராப் சி-க்கு நான் டயோடைத்தான் சொல்வேன்.

உங்கள் தேவைக்கு என் தேர்வு: தனித்தனிக் கெயின் குமிழ் உள்ள மூன்று சேனல் ஆம்ப். சுத்தமான ஒலிக்கு ஒன்று, பாதி உடைந்த ஒலிக்கு ஒன்று, கனத்துக்கு ஒன்று. அந்த நடுச் சேனல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலோர் அதை வாசித்துப் பார்ப்பதே இல்லை, ஆனால் பாட்டின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கும்.

பல வருடங்களுக்கு முன் கெயினை மட்டும் பார்த்து நான் ஒரு ஆம்ப் வாங்கினேன். தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி இருந்தது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த முதல் ஒத்திகையிலேயே என் கிட்டார் காணாமல் போய்விட்டது. கெயினை நான்குக்கு இறக்கி மிடில் (நடு ஒலி) குமிழை ஏற்றிய பிறகுதான் திரும்பக் கேட்டது. மிடிலைக் குறைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: மேடைக்கு 100 வாட் வேண்டும் என்கிறார்கள். வீட்டிலும் வாசிக்க வேண்டுமே?

பதில்: 100 வாட் என்றால் 50 வாட்டைப் போல இரு மடங்கு சத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். வித்தியாசம் வெறும் 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். கூடுதல் வாட்டின் பயன் வேறு: தாழ்ந்த சுருதியை ஓங்கி அடிக்கும்போது பவர் பகுதி திணறாது. மைக் வைக்கும் மேடைக்கு 50 வாட் தாராளம், 20 வாட்டில்கூடச் சமாளிக்கலாம். வீட்டுக்கு நல்ல மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்துக்கான குமிழ்) இருக்கிறதா என்று பாருங்கள். குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் குதிக்கக் கூடாது, படிப்படியாக ஏற வேண்டும்.

வாட்டைவிட ஸ்பீக்கர் அதிகம் மாற்றும். செலஸ்டியன் வின்டேஜ் 30-ஐயும் அதே நிறுவனத்தின் கிரீன்பேக்கையும் ஒரே ஆம்பில் மாற்றி மாட்டிக் கேட்டால் இரண்டு ஆம்ப் என்றே நினைப்பீர்கள். முன்னது முன்னால் வந்து பேசும். பின்னது மென்மையானது, ஆனால் ஒன்று 25 வாட் மட்டுமே தாங்கும். பின்பக்கம் மூடிய கேபினெட்டில்தான் (ஸ்பீக்கர் பெட்டி) பாம் மியூட்டுக்கு இறுக்கம் வரும். கையிருப்பு குறைவாக இருந்தால் ஆம்பில் ஒரு படி இறங்குங்கள், கேபினெட்டில் இறங்காதீர்கள்.

கேள்வி: டியூப் ஆம்பா, டிஜிட்டல் மாடலரா?

பதில்: ஹெட்போனில் இரவு வாசிப்பவருக்கும், வீட்டிலேயே பதிவு செய்பவருக்கும் மாடலர், அதாவது ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி. அவற்றில் கெம்பர் 2011-இலும் ஹீலிக்ஸ் 2015-இலும் வந்தன. கைக்குப் பதில் சொல்வதில் இந்த வகைக் கருவிகள் இப்போது நன்றாகவே தேறிவிட்டன. மேலே சொன்ன வால்யூம் சோதனையை அதிலும் செய்யுங்கள். தயாராக வரும் ஒலிகளை நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் கெயின் அளவுக்கு மீறி இருக்கும். மற்றவர்களோடு ஒரே அறையில் நின்று வாசிப்பவராக இருந்தால், பின்னால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுவதை உங்கள் கால் உணரும். அந்த இடத்தில் நான் இன்னும் டியூப் பக்கம்தான்.

கேள்வி: பழைய டியூப் ஆம்ப் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பிறகு சிறிய டியூப்களை மரப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று மணி அடித்தால் அந்த டியூப் போய்விட்டது, ஆனால் மாற்றுவது எளிது. பெரிய டியூப்களின் உள் தகடு செக்கச்செவேலென்று தகித்தால் உடனே அணைத்துவிடுங்கள். பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) தவறாகவோ டியூப் பழுதாகவோ இருக்கலாம், பழுது பார்ப்பவர் பார்க்கும் வரை வாங்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஒருபோதும் வாசிக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை அளவு) எண்ணும் கேபினெட்டின் ஓம் எண்ணும் பொருந்த வேண்டும்: 4-க்கு 4, 8-க்கு 8, 16-க்கு 16. உள்ளே திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், அது ஆளையே கொல்லும்.