பிரஷர் மாத்திரையால் ரத்தக் குழாயின் விறைப்பு குறையுமா?

கடலூர் முதுநகரில் இருக்கும் 68 வயது அப்பாவுக்கு அம்லோடிபின் சாப்பிட்டும் பிரஷர் 164/72, விறைத்த குழாய் இளகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு இளகும்; பழையபடி ஆகாது.

இரண்டு எண்களுக்கும் இடைவெளி 92. இந்த வயதில் 60-ஐத் தாண்டினாலே இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விறைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எந்த மாத்திரையானாலும், அழுத்தம் இறங்கினால் சுவரின் இழுவிசை தளரும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகள் கூடவே சுவரை விறைக்க வைக்கும் கொலாஜன் நார் படிவதையும் மட்டுப்படுத்துகின்றன, அதற்கு மாதக்கணக்காகும். சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்துவிட்டால், அவற்றை எதுவும் திருப்பித் தராது.

அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை சற்று வேறு. துடிப்பை மெதுவாக்குவதால், கையில் அளக்கும் அழுத்தம் இறங்கும் அளவுக்குப் பெருந்தமனியில் இறங்காது. 2006-இல் வெளியான கேஃப் ஆய்வில், கையில் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தும், அம்லோடிபின் பிரிவைவிட அட்டெனலால் பிரிவினருக்குப் பெருந்தமனி அழுத்தம் 4.3 மி.மீ. கூடுதலாக இருந்தது. அதற்காக அதைச் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம்.

டாக்டர் டெல்மிசார்ட்டன் சேர்த்தால், 2 வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். அப்போது பொட்டாசியம் கலந்த 'லோ சால்ட்' வேண்டாம். கருவாட்டையும் ஊறுகாயையும் சேர்த்தே நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.